பேரம் படியாத தேசம்

பெரியம்மாவோடு கடைத்தெருவுக்குப் போகிறவன் பத்தடி தள்ளி நடக்கப் பழகிக்கொள்ள வேண்டும். எங்கள் இருவருக்கும் சம்பந்தமே இல்லை என்று கடைக்காரன் நம்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் நான் தனியாகப் போய் ஒரு சோப்பு கேட்டாலும் அவன் முகம் சுண்டிப்போகும்.

அவள் என் அம்மாவின் அக்கா. கோவளத்தில் பள்ளிவாசலுக்குப் பின் தெருவில் வீடு. பெரியப்பா சந்தை சந்தையாகப் போய் மாட்டுத் தரகு பார்த்தவர். அவர் மௌத்தான பிறகு பெரியம்மா ஆட்டுக்குட்டிகளை வாங்கி வளர்த்து, பக்ரீத் சமயத்தில் விற்றுப் பிழைத்தாள். ஆனால் பேரம் பேசுவது அவளுக்குத் தொழிலால் வந்த பழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். அது பிறவிக் குணம். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவது அவளைப் பொறுத்தவரை விற்கிறவனை அவமதிப்பது. "அவன்கூட ரெண்டு வார்த்த பேசாம, காசத் தூக்கிப் போட்டுட்டு வரதுக்கு அவன் இன்னா பிச்சக்காரனா?" என்பாள்.

கடற்கரையில் மீன் விற்கும் பெண்களுக்கு அவள் வருகிற நாள் திருநாள்தான். கூடைக்காரி ஒருத்தி என்னிடமே சொல்லியிருக்கிறாள், "உங்க பெரிம்மா தல தெரிஞ்சா நான் ஒன்றர வெலையிலதான் ஆரம்பிக்கிறது" என்று. பெரியம்மா வஞ்சிரத்தைத் தூக்கிச் செவுளைத் திறந்து பார்ப்பாள்.

"இன்னாடி இது, நேத்து மீனா, முந்தாநேத்து மீனா?"

"இப்பத்தான் கட்டுமரத்துலேந்து எறக்குனது. கண்ணப் பாரு, எப்பிடி முழிக்குதுன்னு."

"நீ சொல்ற வெலையக் கேட்டுட்டு முழிக்குது."

போவாள், வருவாள். அவள் போனால் கூடைக்காரி கூப்பிடுவாள். கூப்பிடாவிட்டால் அவளே எதையோ மறந்தவள் போலத் திரும்புவாள். எல்லாம் முடிந்து இருவரும் ஒரே வெற்றிலையைக் கிழித்துப் போட்டுக்கொண்டு குடும்பக் கதை பேசுவார்கள். நான் அதுவரை மணலில் தள்ளி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

செங்கல்பட்டில் 'ஒரே விலை' என்று போர்டு மாட்டிய ஜவுளிக்கடை ஒன்று இருந்தது. அங்கே போனால் இவள் வாயடைத்துப் போவாள் என்று எண்ணி ஒருமுறை நானே கூட்டிக்கொண்டு போனேன். புடவையை எடுத்து வைத்துக்கொண்டு போர்டைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு முதலாளியிடம், "புடவ வெல மாத்த முடியாது, சரி. அந்தப் போர்ட இன்னா வெலைக்குக் குடுப்ப?" என்றாள். கடை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே ஒரு ஜாக்கெட்டுத் துணியை இனாமாகப் பெற்றுக்கொண்டு வெளியே வந்தாள்.

இவளுடைய ஒரே மகன் எழுபதுகளின் நடுவில் சவூதிக்குப் போனான். அந்த நாட்டின் கிழக்குக் கோடியில், தம்மாம் என்ற ஊரில், ஒரு கடையில் வேலை. முதலில் மாதம் தவறாமல் கடிதம் வந்தது. பிறகு நின்றது. ஆறேழு மாதம் ஒரு தகவலும் இல்லை. அப்புறம் திருப்போரூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் அங்கிருந்து லீவில் வந்தான். வந்தவன் டீக்கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கோவளத்துப் பையன் மேல் முதலாளி திருட்டுப் புகார் கொடுத்துவிட்டான், பையன் ஓடிவிட்டான், பிடித்து வலது கையை எடுத்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள் என்று சொன்னான். கேட்டவர்கள் 'சிலர் சொல்கிறார்கள்' என்பதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஊருக்குள் கொண்டுவந்தார்கள்.

பெரியம்மா அந்த ஆளை வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைத்தாள். நானும் இருந்தேன். பிரியாணித் தட்டை அவன் முன் வைத்து, "எம்புள்ளைய நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாக்கல பெரிம்மா. பேசிகினாங்க, அவ்ளோதான். நல்லாத்தான் இருப்பான்."

நல்லாத்தான் இருப்பான் என்றானே தவிர, தட்டில் கை வைக்கவில்லை. வயிறு சரியில்லை என்று எழுந்து போய்விட்டான். அவன் போன பிறகு பெரியம்மா அந்தத் தட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நல்ல சேதி கொண்டாந்தவன் சோத்த ஒதுக்க மாட்டான்டா," என்றாள். பிறகு திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போய்வருகிற தோரணையில், "நானே போய்ப் பாத்துட்டு வந்துடுறேன்," என்றாள்.

அவளிடம் இருந்தது கொஞ்சம் ஆடுகளும் இரண்டு வளையலும். விமானம் என்பது எங்கள் ஜாதகத்திலேயே கிடையாது. அந்த நாட்டுக்குள் ஏழைகள் நுழைய ஒரே வழி ஹஜ். பம்பாயிலிருந்து கப்பல், அதிலும் மேல்தளத்து டிக்கெட் என்றால் ஆட்டுக் காசில் கட்டுப்படியாகும். பெண் தனியாகப் போக முடியாது; மணம் முடிக்க விலக்கான ஆண் ஒருவன் துணைக்கு வர வேண்டும். தங்கை மகன் அந்த வரிசையில் வருவான். அப்படித்தான் நான் மாட்டினேன். அப்போது செங்கல்பட்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தேன். கல்யாணமாகி வருடம் திரும்பவில்லை. எனக்குப் பயம். ஹஜ்ஜுக்குப் பயமில்லை. ஹஜ் முடிந்த பிறகு அவள் செய்யப்போவதாகச் சொன்னதற்குத்தான் பயம். மக்காவிலிருந்து அந்தப் பாலைவன தேசத்தின் குறுக்கே மறு கடற்கரை வரை போய் மகனைப் பார்ப்பது அவள் திட்டம்.

"நான் மாட்டேன்னா?" என்று என் அம்மாவிடம் முணுமுணுத்தேன்.

"நீ போகலன்னா அவ நீந்திப் போயிடுவா. அப்புறம் ரெண்டு பேரத் தேடணும்," என்றாள் அம்மா.

பள்ளிவாசல் ஹஜ்ரத் காதுக்கும் விஷயம் போயிற்று. அவர் மென்மையானவர். "ஹஜ்ஜுக்குப் போற நிய்யத்து சுத்தமா இருக்கணும்மா. வேற வேலைய மனசுல வெச்சிகினு போகக் கூடாது," என்று சொல்லிப் பார்த்தார்.

"ஹஜ்ரத்து, அவனுக்குச் செய்ய வேண்டியத ஒண்ணு வுடாம செஞ்சிடுவேன். மிச்ச நாள்லதான் என் வேல. அவன் வூட்டுக்கு வந்தவள அவன் கேள்வி கேட்டா, நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டு எனக்காக துவா செய்வதாகச் சொன்னார். எனக்கு மட்டும்.

திட்டம் போடுவதில் பெரியம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. மாமல்லபுரத்தில் அப்போது முடி வளர்த்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் கும்பல் கும்பலாகத் திரிந்தார்கள். அதில் ஒரு ஜெர்மன்காரன் தரைவழியாகவே நாடு நாடாகத் தாண்டி வந்தவன், கையில் காசே இல்லாதவன் என்று கேள்விப்பட்டு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் அவன் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். பெரியம்மா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவன் எதிரில் மணலில் உட்கார்ந்தாள். தெருவில் இறங்கினால் எங்கள் பெண்கள் புடவைக்கு மேல் போர்த்துகிற அந்த வெள்ளைத் துணி இல்லாமல் அவளை நான் வெளியில் பார்த்ததில்லை.

"இவ்ளோ தூரம் டப்பு இல்லாம எப்பிடி வந்தான்னு கேளுடா."

என் பஸ் கம்பெனி இங்கிலீஷில் கேட்டேன். லாரிகள்தான் என்றான். ராத்திரியில் ஓட்டுகிற டிரைவருக்குத் தூக்கம் வராமல் பேசிக்கொண்டே வர ஆள் வேண்டும். பேசினால் இடம் கொடுப்பான், சாப்பாடும் கொடுப்பான் என்றான்.

"பேசுறதுக்கா? அப்ப டிரைவருதான் எனக்குக் கூலி குடுக்கணும்," என்றாள். நான் மொழிபெயர்த்ததும் அவன் மணலில் உருண்டு சிரித்தான்.

தன்னிடமிருந்த மேப்பை விரித்துக் காட்டினான். அரேபியா ஓரத்தில் மடிப்புக்குள் கிடந்தது. பெரியம்மா கட்டைவிரலை ஜித்தாவில் வைத்துக் கையை விரித்தாள். சுண்டுவிரல் தம்மாமைத் தொட்டது.

"ஒரு சாண்தானேடா."

"இதே மேப்புல செங்கல்பட்டுலேந்து பம்பாய் வரைக்கும் அளந்து பாருங்க. அதுவும் ஒரு சாண்தான்."

அளந்து பார்த்தாள். முகம் கொஞ்சம் வாடியது. "பம்பாய்க்கு ரயிலு கீது. அங்க இன்னா கீது?"

"மணலுதான் கீது."

"கோவளத்துல பொறந்துட்டு மணலுக்கா பயப்படுறது?" என்று எழுந்துவிட்டாள். மேப்புக்கு என்ன விலை என்று கேட்கச் சொன்னாள். அவன் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் ஒரு தூக்கு நிறைய வறுத்த மீனை என்னிடம் கொடுத்து அனுப்பிய பிறகே மேப்பைத் தொட்டாள்.

தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் காசு செலவழிக்கிற எண்ணமே அவளுக்கு இல்லை. சவூதிக்கு ஆள் போயிருக்கிற வீடுகளைத் தேடி, கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரை பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினாள். அங்கே இருக்கிற புருஷன்மார்களுக்கு ஏதாவது கொடுத்தனுப்ப அந்த வீட்டுப் பெண்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா அந்தத் தவிப்பின் மேல் பேரத்தை வைத்தாள். கடப்பாக்கத்தில் ஒரு லாரி டிரைவரின் மனைவியோடு அவள் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஒன் வூட்டுக்காரனுக்கு இன்னா குடுக்கப் போற?"

"கருவாடும் மாங்கா ஊறுகாயும் பெரிம்மா."

"ஊறுகா கனம். கருவாட்டுக்கு அவன் எனக்கு ரியாத் வரைக்கும் லாரியில எடம் குடுக்கணும். ஊறுகாய்க்குத் தனியா."

"ஊறுகாய்க்கு இன்னா பெரிம்மா?"

"தம்மாம் வரைக்கும்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். ஜித்தாவில் ஒரு பங்களாவில் சமையல்காரனாக இருந்த கோவளத்து ஆளின் வீட்டிலும் இதே கதை. அவனுக்கு இட்லிப் பொடி. பதிலுக்கு அவன் ஹஜ் முடிந்ததும் எங்களை ஜித்தாவில் எதிர்கொண்டு, லாரிக்காரனிடம் சேர்க்க வேண்டும். இப்படியாக ஒரு தேசத்தின் குறுக்கே போகிற வழி முழுவதையும் கருவாட்டாலும் ஊறுகாயாலும் போட்டு முடித்தாள். சோதனைச் சாவடிகள் இருக்குமே என்றேன். "செக்போஸ்ட்டு நம்ம திருப்போரூர்ல இல்லியா? பேசினா வுடுறான்," என்றாள். அந்த ஒரு கணக்கில்தான் அவள் தப்பு செய்தாள்.

அந்தத் தப்பை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். பேசினால் விடுவார்கள் என்று அவள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. பெரியப்பா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது, இன்று பொழுது தாண்டுவது கஷ்டம் என்றார் டாக்டர். பெரியம்மா அழவில்லை. "அப்பிடிச் சொல்லாதீங்க டாக்டரு. வெள்ளிக்கெழம தொழுக வரைக்கும் சொல்லுங்க," என்றாள். டாக்டர் விளக்கிப் பார்த்தார். இவள் விடவில்லை. கடைசியில் அந்த மனிதர் களைத்துப்போய், "சரிம்மா, வெள்ளிக்கிழமை," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பெரியப்பா வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு கண் மூடினார். மய்யத்தைக் கொண்டுபோன பிறகு பெரியம்மா என் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, "சனிக்கெழமைன்னு கேட்டிருக்கணும்," என்றாள். அன்றிலிருந்து அவள் பேரம் பேசும்போது எனக்கு வருகிற சிரிப்பில் கொஞ்சம் கலக்கமும் சேர்ந்துகொண்டது.

ஹஜ்ஜுக்கு ஆள் எடுக்கிற குலுக்கலில் எங்கள் பெயர் விழுந்தது. விழாமல் போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது எனக்கும் அல்லாவுக்கும் தெரியும். செங்கல்பட்டிலிருந்து பட்டணம், பட்டணத்திலிருந்து பம்பாய், அங்கிருந்து கப்பல். கப்பலில் பாதிப் பேர் வாந்தியெடுத்துக் கிடந்தார்கள். இவள் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, மேப்பை மடியில் விரித்து, சாணால் அளந்துகொண்டே வந்தாள்.

ஹஜ்ஜை அவள் ஒரு குறையும் வைக்காமல் செய்தாள். அதில் நான் சாட்சி. வெயிலில் என் கால் பொத்துப்போனது. அவள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நடந்தாள். கஅபாவின் எதிரில் நின்றபோது அவள் உதடு ஓயாமல் அசைந்தது. அந்த உதட்டசைவு எனக்குப் பழக்கமானது. தள்ளி வந்த பிறகு, என்ன கேட்டாய் என்றேன்.

"அவன் சோத்துக் கைய வுட்டுடுன்னு கேட்டேன். எடுத்துதான் ஆவணும்னா என்னுது கீது, எடுத்துக்கோன்னேன்."

அங்கே பத்தடி தள்ளி நிற்க எனக்கு மனம் வரவில்லை. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஜித்தாவுக்குத் திரும்பியதும் ஹாஜிகள் தங்கும் கட்டடத்துக்குச் சமையல்காரன் வந்தான். இட்லிப் பொடியை வாங்கிக்கொண்டான். லாரிக்காரன் எங்கே என்று கேட்டதும் அதைத் தரையில் வைத்தான்.

"பெரிம்மா, ஒங்க பாஸு மக்கா, மதீனா, ஜித்தா, இதுக்கு மட்டுந்தான். அதுக்கு அந்தாண்ட வழியெல்லாம் போலீசு. தாண்ட முடியாது."

"புடிச்சா இன்னா பண்ணுவான்? கப்பல்ல ஏத்துவான். எப்பிடியும் ஏறத்தானே போறேன்?"

"ஒங்கள ஏத்திடுவான். ஆருகிட்ட போறன்னு கேப்பான் பாருங்க, அதுக்கப்புறம் ஒங்க புள்ளையத் தேடுவான். புகாரு அப்பிடியே கீது. எங்க ரூமுக்கே ரெண்டு வாட்டி வந்து தேடிட்டுப் போயிட்டான்."

"அவனுக்குக் கை கீதா?" என்றாள்.

"தெரியாது பெரிம்மா. ஓடி ஒளிஞ்சிகினு கீறான்னு சில பேரு சொல்றாங்க. புடிபட்டு, தண்டன முடிஞ்சி, வெக்கத்துல ஒளிஞ்சிகினு கீறான்னு சில பேரு சொல்றாங்க. பாத்தவங்க ஒருத்தரும் இல்ல."

தம்மாம் வேண்டாம், ரியாத் வரை என்றாள். தலையாட்டினான். ரியாத் வேண்டாம், மக்காவுக்குப் பக்கத்து ஊரான தாயிஃப் வரை என்றாள். அதற்கும் தலையாட்டினான். அவள் இறங்கி இறங்கி வந்தாள். அவன் ஒரு அடி ஏறவில்லை. படியாத பேரம் ஒன்றை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். எத்தனையோ தடவை யாராவது இவள் வாயை அடைக்க மாட்டார்களா என்று ஏங்கியவன் நான். அடைபட்டபோது பார்க்கச் சகிக்கவில்லை.

கடைசியில் சமையல்காரனே சொன்னான். பையன் இந்தப் பக்கம்தான் எங்கோ ஒளிந்திருக்கிறான் என்று பேச்சு; லாரிக்காரன் மூலமாகச் சேதி போயிருக்கிறது. கப்பல் ஏறுகிற அன்று துறைமுகத்தில் நூற்றுக்கணக்கில் கூலிகள் இருப்பார்கள். அவர்களில் ஒருவனாக அவன் வந்தால் வருவான், வராமலும் போவான்.

"வந்தா நீங்க கத்தக் கூடாது. பேரச் சொல்லக் கூடாது. கட்டிப் புடிக்கக் கூடாது. போலீசு பக்கத்துலயே நிப்பான். அவன் ஆரோ, நீங்க ஆரோ."

"ஒரு வாட்டி தலையத் தொட்டு..."

"கூடாது பெரிம்மா."

கப்பலடியில் வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்டிகளும் ஜம்ஜம் தண்ணீர் டின்களும் மலையாகக் கிடந்தன. கூலிகள் பாய்ந்து பாய்ந்து வந்தார்கள். பெரியம்மா ஒருவனையும் பெட்டியைத் தொட விடவில்லை. வந்தவனையெல்லாம் விரலைக் காட்டி, உதட்டைப் பிதுக்கி விரட்டினாள். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. கையில் பிரம்போடு ஒரு போலீஸ்காரன் எங்களுக்கும் கப்பலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தான். எங்கள் கூட்டத்துத் தமிழர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். கப்பல் ஒருமுறை ஊதியது. இனி வரமாட்டான் என்று நினைத்தேன். வராமல் இருந்தாலே நல்லது என்றும் நினைத்தேன்.

அப்போது ஒருவன் வந்தான். கட்டம் போட்ட துணியால் கண்ணைத் தவிர மற்ற முகத்தை மூடியிருந்தான். தொளதொளவென்று அரபு அங்கி. கையைத் தாண்டித் தொங்குகிற சட்டைக்கை. குனிந்து பெட்டியின் பிடியை இடது கையால் பிடித்தான். வலது கை வெளியே வரவில்லை. பெரியம்மா அந்தத் தொங்கும் சட்டைக்கையையே பார்த்தாள்.

"அம்மா..." என்றான் மூச்சுக் குரலில்.

"இன்னா அம்மா? நொம்மா?" என்று கத்தினாள். போலீஸ்காரன் திரும்பினான். "வெலையச் சொல்லு! சாப்புடுறியா, இல்லியா? எலும்பா கீற!"

கையை வீசி, தலையை ஆட்டி, மீன்காரியிடம் பேசுகிற அதே தொனி. அவன் ஒரு கணம் விழித்தான். ஆனால் இவளிடம் வளர்ந்தவன் இல்லையா? உடனே பிடித்துக்கொண்டான். இடது கையை வானத்துக்குத் தூக்கி, கட்டுப்படியாகாது என்கிற கூலியின் குரலில், "சாப்புடுறேன்! யமன்காரன் ஒருத்தன் வூட்ல தங்கிகினு கீறேன்!" என்றான்.

"திருடுனியா?" பெட்டியின் மேல் ஓங்கி ஒரு அறை.

"இல்ல! சம்பளம் கேட்டேன், அதான்!"

"எப்ப வருவ?"

"பாஸ்போட்டு மொதலாளிகிட்ட மாட்டிகினு கீது! வந்துடுவேன்!"

சுற்றி நின்ற கூலிகள் சிரித்தார்கள். ஹாஜியம்மா காசுக்கு மல்லுக்கட்டுகிறாள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். போலீஸ்காரனுக்குச் சிரிப்பு வரவில்லை. பிரம்பால் கப்பலைக் காட்டி அதட்டிக்கொண்டே எங்களை நோக்கி வந்தான். துணியை எடுடா, முகத்தைக் காட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது.

பெரியம்மா சட்டென்று துப்பட்டியின் தலைப்பை இழுத்துத் தன் வலது கையின் மேல் போட்டு, மூடிய கையை அவனுக்கு நேராக நீட்டினாள். எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் தரகர்கள் அப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, விரலை அழுத்தி விலையைச் சொல்வார்கள். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. பெரியப்பா ஆயுள் முழுக்கச் செய்த வேலை அது.

போலீஸ்காரன் அப்படியே நின்றான். அவன் முகம் மலர்ந்தது. அவர்கள் ஊரிலும் ஒட்டகச் சந்தையில் இப்படி ஒரு வழக்கம் உண்டாம், பிற்பாடு கேள்விப்பட்டேன். பக்கத்திலிருந்த இன்னொரு போலீஸ்காரனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான்.

மகன் அசையவில்லை. வலது சட்டைக்கை தொங்கிக்கொண்டே இருந்தது.

"குடுடா," என்றாள். அது மட்டும் பேரத்தின் குரல் இல்லை.

அவன் மெதுவாக அந்தச் சட்டைக்கையைத் தூக்கித் துப்பட்டிக்குள் விட்டான்.

எனக்கு எதுவும் தெரியவில்லை. துணி அசைந்தது, அவ்வளவுதான். சந்தையில் இந்தப் பேரம் இரண்டு மூச்சில் முடிந்துவிடும். இது முடியவில்லை. பெரியம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மறுபடி துணி அசைந்தது. மறுபடியும் தலையை ஆட்டினாள். அவள் முகத்தைப் பார்த்து எதையாவது கண்டுபிடிக்கலாம் என்று முயன்றேன். பேரம் பேசும்போது அவள் முகத்திலிருந்து யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை. போலீஸ்காரர்கள் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கப்பல் இன்னொரு தடவை ஊதியது. அவள் விடவில்லை. "பெரிம்மா, போதும்," என்று நான் கெஞ்சினேன். நீளமாக, மூன்றாவது தடவை ஊதியபோதுதான் துணி தளர்ந்தது.

அவன் கையை வெளியே எடுக்கும்போதே சட்டைக்கைக்குள் இழுத்துக்கொண்டான். வேறொரு கூலி பெட்டியைத் தூக்கி அவன் தோளில் வைத்துவிட்டான். ஏணியடியில் பெட்டியை இறக்கினான். பெரியம்மா மடியிலிருந்த காசையெல்லாம் எண்ணாமல் அவன் இடது கையில் திணித்து, கிழட்டுக் குரலில் இரண்டு வசவு வைது, ஏறிவிட்டாள். அவன் கூட்டத்துக்குள் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

மேல்தளத்தில் எல்லோரும் கரைப் பக்கம் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் எதிர்ப்பக்கம் போய், வெறும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கப்பல் நகர்ந்து, கரையின் சத்தம் அடங்கிய பிறகு, "கை?" என்றேன்.

"கீதுடா," என்றாள். "அஞ்சு வெரலும் கீது. சுண்ணாம்புல வேல செஞ்சி உள்ளங்க பூரா புண்ணு. எனக்குத் தெரியக் கூடாதுன்னு மறச்சிகினு நிக்குது, கழுத."

"அப்ப எதுக்கு அவ்ளோ நேரம் தலைய ஆட்டிகினு இருந்தீங்க? எனக்கு உயிரே போயிடிச்சி."

அவள் துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பெரியப்பாவின் மய்யத்துக்குக்கூட நான் கேட்காத அழுகை அது.

"சரின்னு சொல்லிட்டா," என்றாள், "கைய வுட்டுடணும் இல்ல?"